குடிக்காதவன் கட்டிய கயிறு

கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு போய்விட்டால் அதை அவன் நோய் என்று நினைக்கமாட்டான். அதிர்ஷ்டம் என்றுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் எனக்கு மேற்பார்வை வேலை. மழை பெய்த மறுநாள் கூண்டுகளுக்கு அடியில் கிடக்கிற எரு நனைந்து கிளப்புகிற வாடைக்கு, புதிதாக வருகிற லாரி டிரைவர்கள் கீழேயே இறங்கமாட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் பழகிப்போய்விட்டது என்று அவர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ரசம் தாளிக்கிற வாசனையும் கூடவே போயிருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அடுத்தது வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும், தறியில் அறுந்த நூலைப் பிணைத்து முறுக்குகிற மாதிரி. முதலில் சும்மா இருக்கும்போது மட்டும் ஆடியது. பிறகு எதையாவது பிடித்தாலும் ஆடியது. நடை சுருங்கியது. பேச்சு வாய்க்குள்ளேயே நின்றது. முகம் எதற்கும் அசையாமல் ஒரே மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். கோபமா, கோபமா என்று கேட்டுக் கேட்டே எனக்குக் கோபம் வந்தது.

ஒரு காலை, லாரியில் ஏற்றும்போது முட்டை அட்டைகளைக் கைதவறிப் போட்டுவிட்டேன். அடுக்கோடு சரிந்தது. ஏற்றுகிறவர்கள், டிரைவர், கிளீனர் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் கரு என் செருப்புக்குள் போய்விட்டது. முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். கோபக்காரர் இல்லை, கேலிக்காரர்.

"ஏப்பா, காத்தாலயே போட்டுட்டியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். பிறகு நானும் சிரித்துக்கொண்டே, "நேத்துப் போட்டது இன்னும் எறங்கலீங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு சொட்டுச் சாராயம் என் நாக்கில் பட்டதில்லை. அந்த நிமிடத்திலிருந்து நான் குடிகாரன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவருக்கும் இதே கை. நாங்கள் தறிக்காரர்கள். அவரால் நூல் பிடிக்க முடியாமல் போனதும் தறி ஓடுகிற கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொன்னோம். அவர் அறைக்குள் இருந்தார். தண்ணீர் குடிக்க எடுத்த டம்ளர் சுவரில் டகடகவென்று தட்டிய சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் போயிற்று. யாருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டானோ என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். திருநீறு போட்டு மந்திரித்தார்கள். டாக்டரிடம் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. அப்பா அந்த அறையிலேயே இறந்துபோனார். அவர் என்ன தப்பு செய்திருப்பார் என்று நானே பல வருஷம் யோசித்திருக்கிறேன். என் கை ஆட ஆரம்பித்தபோது அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது. நான் என்ன செய்தேன், யாரைக் கெடுத்தேன் என்று படுக்கையில் கணக்குப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

குடிகாரனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு இடம் உண்டு. திட்டுவார்கள், ஆனால் சேர்த்துக்கொள்வார்கள். என்றைக்காவது விட்டுவிடுவான் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். குடிகாரன் மகளை யாரும் ஒதுக்குவதில்லை, பாவம் என்றுதான் சொல்வார்கள். நரம்பு வியாதிக்காரன் மகள் என்றால் பேச்சே வேறு. எனக்கு ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் அது.

மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள்தான் என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாமக்கல்லில் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று நான்தான் சேலம் என்றேன். நரம்பு டாக்டரின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தால், எதிர் நாற்காலியில் எங்கள் ஊர் கூட்டுறவு சங்கத்து எழுத்தர். "சொந்தக்காரர் ஒருத்தரப் பாக்க வந்தேனுங்க" என்றார். "நானும் துணைக்குத்தான் வந்தேனுங்க" என்றேன். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். நான் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு உபகாரத்தைத்தான் என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது.

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். விரலை விரலோடு தட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு மாதிரி ஆகியிருந்தது. நடுக்குவாதம், பார்கின்சன் என்றார். மூளையில் ஊறுகிற ஒரு பொருள் குறைந்துபோகிறது, மூக்கு போனதும் இதில் சேர்த்திதான் என்றார். முழுதாகக் குணமாகாது, ஆனால் மாத்திரையை நேரம் தவறாமல் போட்டால் ரொம்ப நாள் நன்றாக இருக்கலாம் என்றார். மகளுக்கு வருமா என்று கேட்டேன். சில குடும்பங்களில் இருக்கும், அதற்காக அவளுக்கு வந்தே தீரும் என்றில்லை என்றார். கடைசியில், நான் கேட்காமலேயே, "நீங்க எதுவும் தப்புப் பண்ணி வந்த வியாதி இல்ல" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். முகம் அசையாததால் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி, "எங்கம்மாகிட்ட மட்டுமாவது சொல்லிப்போடலாமுங்க" என்றாள். நான் அவளிடம் சத்தியம் கேட்டேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மகள் தலைமேல் சத்தியம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் சத்தியம் செய்தாள்.

அவள் அம்மாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அத்தை ஆட்டையாம்பட்டியில் இருந்தார். சின்ன வயதிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததில் காது மந்தம். தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து, நலம் விசாரிப்பதைக்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். மாமனார் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். காலையில் அவர் கை நடுங்குவதைப் பார்த்து, அன்றைக்குத் தறி ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்வாராம் அத்தை. உலகத்தில் அவர் பயப்பட்ட ஒரே விஷயம், தன் மகளுக்கும் அப்படி ஒருத்தன் வாய்த்துவிடக் கூடாதே என்பதுதான்.

மகள் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் குடிப்பவன் என்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள், அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சாக்கு தீர்ந்துபோயிற்று. வெட்கம் தீரவில்லை. மகளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளை அனுப்பிவிட்டுப் பார்த்தால், மறைக்கிற ஆள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். பண்ணையில் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று மத்தியான மாத்திரையை விட்டுவிடுவேன். சாயங்காலம் கை ஆடும். ஊர் சிரிக்கும். நானும் கூடச் சிரிப்பேன்.

நான் குடிக்கிறேன் என்கிற விஷயம் கல்யாண மண்டபத்திலேயே அத்தை காதுக்குப் போய்விட்டது. அவர் காதுக்கே போயிற்று என்றால் எவ்வளவு சத்தமாகப் பேசியிருப்பார்கள் என்று பாருங்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு மஞ்சள் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. என் வலது கையைப் பிடித்தார். அது அவர் கைக்குள் ஆடியது.

"கெளம்புங்க சாமி. கோயிலுக்குப் போலாம்" என்றார்.

குடியை விடுவதற்குக் கயிறு கட்டுகிற கோயில்கள் எங்கள் பக்கம் உண்டு. சாமி முன்னால் சத்தியம் செய்தால் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கிறவரை தொடக்கூடாது, தொட்டால் சாமி சும்மா விடாது. நாங்கள் போன அன்றைக்கு நல்ல கூட்டம். பெண்டாட்டிகளும் அம்மாக்களும் புடைசூழ ஆண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றார்கள். எத்தனை மாசத்துக்கு என்று பூசாரி கேட்பார். அங்கேதான் பேரம். "தீவாளிக்கு முந்துன நாளோட முடியற மாதிரி கட்டுங்க" என்றார் ஒருவர். "மச்சினன் கல்யாணம் வருதுங்க, அது முடிஞ்சு வாரேன்" என்று இன்னொருவர் வரிசையை விட்டே நழுவினார். என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கத்தினார்.

"ஆயுசுக்கும் கட்டுங்க சாமி!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த வரிசையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள், அவளும் தங்களைப் போல ஒருத்தி என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

கயிறு கட்டினால் நடுக்கம் நிற்குமா? அடுத்த முறை அத்தை வந்தபோது சோற்றைப் பிசைகிற என் கையைப் பார்த்தார். கை ஆடியது. கயிறும் சேர்ந்து ஆடியது. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். சத்தியத்தை மீறிவிட்டான், சாமி இவன் உயிரை எடுத்துக்கொள்ளப் போகிறது என்கிற பயம். என் வாயருகில் வந்து மோந்து பார்த்தார். "வாடை தெரியாம இருக்க என்னமோ மாத்தர போடறாரு" என்று என் மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். மாத்திரை போடுவது உண்மைதான்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது அத்தை டம்ளரைத் தள்ளிவைத்தார். அவருக்கு டீ என்றால் உயிர். சோறு இல்லாவிட்டாலும் சும்மா இருப்பார். தறிக்கூடத்தில் காலை டீ வர நேரமானால் தறியை நிறுத்திவிட்டு வாசலில் போய் நிற்பவர். "மாப்ள அத உடற வரைக்கும் எனக்கு இது வேண்டாங் கண்ணு" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் டீ குடிக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வேண்டாம் என்பார். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுவார், அவருடைய குரலில். நான் இல்லாத இடத்திலும் என் பெயர் இப்படி ஊர் ஊராகப் போயிற்று. மனைவி என்னிடம் சண்டை போட்டாள், கெஞ்சினாள். "எங்கம்மா ஒரு வாய் டீக்கு ஏங்கிட்டு ஒக்காந்திருக்குது. நீங்க குடிக்காத சாராயத்துக்கு" என்றாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்பேன். சொல்ல நினைக்கும்போதெல்லாம் சுவரில் தட்டுகிற டம்ளர் சத்தம்தான் எனக்குக் கேட்கும்.

பிறகு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் தாங்கமாட்டார் என்றார்கள். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில், சன்னல் பக்கம் கட்டில் போட்டோம். நாளுக்கு நாள் ஆள் சிறுத்துக்கொண்டே போனார். கஞ்சி நாலு ஸ்பூன் இறங்கினால் அதிகம். மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் நான் கஞ்சி ஊட்டினேன். ஸ்பூன் ஆடி அவர் தாடையெல்லாம் சிந்தியது. துடைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "குடிச்சாலும் உங்களுக்கு மனசு தங்கமுங்க சாமி" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் காதருகில் குனிந்து சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்னுங்க சாமி?" என்றார். என் குரலும் நோயில் தேய்ந்துபோயிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நான் குடிக்கறதில்லீங்க அத்தை! எப்பவுமே குடிச்சதில்லீங்க! எனக்கு நரம்பு வியாதி! எங்கப்பனுக்கும் இருந்துச்சு! அதுலதான் கை ஆடுது!"

சன்னலுக்கு வெளியே குழாயடியில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் அதை நகர்த்தவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். இத்தனை வருஷம் பொத்திப்பொத்தி வைத்தது ஒரு நொடியில் தெரு முழுக்கப் போய்விட்டது. ஆனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சற்று நேரத்தில் யாரோ குடத்தை நகர்த்தினார்கள்.

அத்தைக்கு நன்றாகக் கேட்டிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

"குடிக்கறவங்க எல்லாரும் இப்படித்தானுங்க சாமி சொல்றாங்க. உங்க மாமனாரும் சாகற வரைக்கும் நான் குடிக்கலீன்னுதான் சொன்னாரு. நான் உங்கள ஒண்ணும் வைய மாட்டேன். என்ற புள்ள மாதிரி நீங்க."

மனைவி வந்ததும் அவளும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினாள். அத்தை மகளின் தலையைத் தடவினார். "நானும் இப்படித்தாங் கண்ணு உங்கப்பனுக்காவப் பொய் சொன்னேன்" என்றார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்ன உண்மை, யாருக்காகச் சொன்னேனோ அவரிடம் எடுபடவில்லை. என்னை நானே குடிகாரனாக்கிக்கொண்டது அவ்வளவு கச்சிதமாக இருந்திருக்கிறது.

அத்தையின் நாள் நெருங்கிவிட்டது எங்களுக்குத் தெரிந்தது. கஞ்சியும் நின்றுபோயிற்று. மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்தவர் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். டீ கொதிக்கிற வாசனை வந்திருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியாதே. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். வேண்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அது வேலை செய்ய ஆகிற நேரம் எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல நின்றது. பிறகு ஒரு டம்ளரில் டீயும் ஒரு ஸ்பூனும் எடுத்துக்கொண்டு அத்தையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கயிறு கட்டிய கையை நீட்டினேன். ஆடவில்லை.

"உட்டுட்டேனுங்க அத்தை" என்று கத்தினேன்.

அவர் என் கையை ரொம்ப நேரம் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டினேன். கண்ணை மூடி அதை வாய்க்குள் வைத்திருந்தார். "சக்கர போதுமுங்களா?" என்று மனைவி கேட்டாள். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார். பாதி டம்ளர் குடித்தார். மறுநாள் விடிந்த பிறகு இறந்துபோனார்.

ஆட்டையாம்பட்டியில் காரியத்தன்று சொந்தமெல்லாம் கூடியிருந்தது. அத்தை கடைசியில் டீ குடித்த கதை அதற்குள் பரவியிருந்தது, எல்லார் வாயிலும் அதே பேச்சு. மாமியார் டீயை விட்டு மருமகனின் குடியை நிறுத்திவிட்டார், எப்பேர்ப்பட்ட பொம்பளை என்றார்கள். ஒருவகையில் எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அத்தைக்கு அந்தப் பெருமை இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது உறவுக்காரப் பெண் ஒருத்தி, வெண்ணந்தூரில் வாழ்க்கைப்பட்டவள், பக்கத்தில் வந்து நின்றாள். அவள் புருஷனின் கையும் ஆறு மாசமாக நடுங்குகிறதாம். குடிப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்கிறானாம். "எனக்கு நம்பிக்க இல்லீங்க மாமா. உங்களுக்குக் கட்டுன கோயில் எங்கன்னு சொல்லுங்க. நானும் எதையாச்சு உட்டுப்போடறேன்" என்றாள்.

எழுந்து நின்றேன். இந்தத் தடவை கத்தவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் குரல் வந்தது.

"கோயிலுக்கு வேண்டாஞ் சாமி. மொதல்ல நரம்பு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ. நான் குடிச்சதே இல்ல. எனக்கு நடுக்குவாதம். எங்கப்பனும் இதுலதான் செத்தாரு" என்றேன்.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். யாரோ ஒரு பெரியவர், என்னைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"அப்பறம் அந்த அம்மா எதுக்குங்க டீய உட்டுச்சு?"



எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மாத்திரை நேரம் தாண்டியிருந்தது, கை ஆடியது, டீ வேட்டியில் சிந்தியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அந்தக் கயிற்றை இனிமேல் அவிழ்த்துவிடலாமே என்று என் மகள் கேட்டாள். ஆயுசுக்கும் என்று அத்தை கட்டச் சொன்னது, இருக்கட்டும் என்றேன்.